இருபது ஆண்டுகள் காத்திருக்க மாட்டேன் என்று பார்ட் எழுதினான்

'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இரண்டாவது திரைப்படத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களுக்கும் இயக்குநருக்கும் ஓவியர்களுக்கும் குரல் கலைஞர்களுக்கும் வணக்கம்.

2007 செப்டம்பர் 23. முதல் திரைப்படம் வெளிவந்து இரண்டு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. அன்றுதான் தொடரின் 19-ஆவது சீசன் தொடங்கியது. தொடக்கக் காட்சியில், சிம்ப்சன் குடும்பம் வாழும், படத்தில் சிதைந்துபோன ஸ்பிரிங்ஃபீல்டை ஊர்மக்கள் சீர்செய்துகொண்டிருந்தார்கள். பள்ளியில் அந்தக் குடும்பத்தின் மகன் பார்ட் வழக்கம்போல் கரும்பலகையில் தண்டனை எழுதிக்கொண்டிருந்தான். அன்று அவன் எழுதிய வரி: 'இன்னொரு படம் எடுக்க இருபது ஆண்டுகள் காத்திருக்க மாட்டேன்.'

இரண்டாவது படம் 2027-இல் திரைக்கு வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தீர்கள். கணக்கிட்டுப் பார்த்தேன். சரியாக இருபது ஆண்டுகள்.

உங்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. திரையில் சில நொடிகள் வந்துபோன ஒரு வரியை இத்தனை காலம் மனத்தில் வைத்திருப்பவர்கள்தாம் உங்கள் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் வாங்கப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி நான். இவ்வளவு நினைவு வைத்திருக்கிறவர்களை எப்படித் திருப்திப்படுத்துவது என்று நீங்கள் யோசிக்கும்போது, அவர்கள் பழையவற்றையே கேட்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்களோ என்று அஞ்சுகிறேன். எல்லாப் பாத்திரங்களும் ஒரு முறை தலைகாட்ட வேண்டும், எல்லாப் பழைய வசனங்களும் ஒரு முறை ஒலிக்க வேண்டும், பழைய எபிசோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்று ஒரு படம் வந்துவிடுமோ என்ற அச்சம். அப்படி வந்தால் அரங்கில் கைதட்டல் கிடைக்கும். வீடு திரும்பும் வழியிலேயே அது மறந்தும் போகும்.

எங்களைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து உண்டு. அதை மறைக்காமல் சொல்லியும் இருக்கிறீர்கள். 1997 பிப்ரவரியில் வந்த எபிசோடு ஒன்றில், பார்ட்டும் தங்கை லிசாவும் விரும்பிப் பார்க்கும் கார்ட்டூன் தொடரில் பூச்சி என்ற நாயைப் புதிதாகச் சேர்க்கிறார்கள். மறுநாள் காமிக்ஸ் கடைக்காரர் அதுவரை வந்தவற்றிலேயே மோசமான எபிசோடு அதுதான் என்று தீர்ப்பு வழங்குகிறார். இத்தனை காலம் பார்த்த ரசிகனுக்குத் தொடரை எடுப்பவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்கிறார். பார்ட் திருப்பிக் கேட்கிறான்: ஆயிரக்கணக்கான மணி நேரம் இலவசமாக மகிழ்வித்திருக்கிறார்கள், உங்களுக்கு அவர்கள் என்ன கடன்பட்டிருக்க முடியும்? கடன் என்று ஒன்று இருந்தால் அது உங்களுடையது அல்லவா?

அது 167-ஆவது எபிசோடு. பழைய கார்ட்டூன் தொடரான 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' எட்டிய 166 எபிசோடுகளை நீங்கள் தாண்டிய நாள். கொண்டாட வேண்டிய அந்த நாளில், ஒரு தொடர் முதுமையடைவதைப் பற்றியும் ரசிகர்களின் முணுமுணுப்பைப் பற்றியும் எபிசோடு எழுதினீர்கள். அந்தத் துணிவை இன்றும் வியக்கிறேன். பார்ட் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். எங்களுக்கு நீங்கள் எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு ஏன் அத்தனை கோபம் என்ற கேள்வியை அந்த எபிசோடு கேட்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. பிடிக்காத தொடரை யாரும் இப்படித் திட்டுவதில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் வந்து உட்காருகிறவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோலை அவருக்குக் கொடுத்தவர்களே நீங்கள்தாம்.

1991-இல் லிசாவின் வகுப்புக்கு மாற்று ஆசிரியராக வந்த பெர்க்ஸ்ட்ரோம் ஊரை விட்டுப் போகும்போது, ரயிலடியில் அவள் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார். தனிமையாக உணரும்போது, உன்னைத் தவிர நம்புவதற்கு வேறு யாரும் இல்லை என்று தோன்றும்போது இதைப் பார்த்துக்கொள் என்கிறார். ரயில் நகர்ந்த பின் அவள் பிரித்துப் பார்க்கிறாள். 'நீ லிசா சிம்ப்சன்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. 1995-இல் இரண்டு எபிசோடுகள். ஒன்றில், பிடித்த வேலையை விட்டுவிட்டு மறுபடி அணுமின் நிலையத்துக்கே வந்து கெஞ்சி வேலை வாங்கும் பார்ட்டின் அப்பா ஹோமர், 'மறந்துவிடாதே, நீ இங்கே என்றென்றைக்கும்தான்' என்று முதலாளி மாட்டி வைத்த பலகையின் மேல் கைக்குழந்தையான மகள் மேகியின் புகைப்படங்களை ஒட்டிவைக்கிறான். எழுத்துகள் மறைந்து, மீதி எழுத்துகள் 'அவளுக்காகச் செய்' என்று நிற்கின்றன. மற்றொன்றில், இறந்துவிட்டதாக நம்பிய தாய் திரும்பி வந்து மறுபடியும் பிரிந்து போகிறாள். ஹோமர் காரின் மேல் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். முடிவில் கலைஞர்களின் பெயர்கள் ஓடி முடியும் வரை அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

ஒவ்வொன்றும் இருபத்திரண்டு நிமிடங்கள். நகைச்சுவைத் தொடரிலிருந்து இப்படி ஒரு வலி கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் 2007-இல் திரையரங்குக்கு வந்தார்கள். 1989-லிருந்து பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து வந்தார்கள்.

அந்தப் படம் வெளிவந்தபோது நான் திரையரங்கில் இருந்தேன். தொடக்கத்திலேயே ஹோமர் எழுந்து நின்று, வீட்டில் தொலைக்காட்சியில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்க்கிற இந்த அரங்கில் உள்ள அத்தனை பேரும் ஏமாளிகள் என்றான். எங்கள் பக்கம் விரலை நீட்டினான். அரங்கம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றியது. எதற்காகக் காசு கொடுத்து வந்திருக்கிறோம்? படம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சொன்னது. படம் பாதியைத் தாண்டிய பிறகு சொன்னது.

படத்தைப் பற்றி ரசிகர்கள் சொன்னவை எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. பழைய சிரிப்பு திரும்பி வந்துவிட்டது என்று நெகிழ்ந்தார்கள் சிலர். மூன்று எபிசோடுகளை ஒட்டித் தைத்தது போல இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினார்கள் சிலர். அண்மைய சீசன்களைவிட மேல், நான்காவது சீசனைவிடக் கீழ் என்று மதிப்பெண் போட்டவர்கள் உண்டு. கூரையில் நடக்கும் பன்றிப் பாட்டைக் குழந்தைகள் பல மாதங்கள் பாடித் திரிந்தார்கள். தீப்பந்தங்களோடு ஊரே ஹோமரின் வீட்டைச் சூழும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர் பெயராக எண்ணியவர்களும் இருந்தார்கள். ஊரையே மூடிச் சிறைவைக்கும் கண்ணாடிக் குமிழ் இறங்கும்போது தேவாலயத்தில் இருந்தவர்கள் மதுக்கடைக்குள்ளும், மதுக்கடையில் இருந்தவர்கள் தேவாலயத்துக்குள்ளும் ஓடுவதை இன்றும் யாரிடம் சொன்னாலும் முகம் மலர்கிறது. வசனமே இல்லாத சில நொடிகள். ஒரு ஊரின் மனத்தை அதற்குமேல் சொல்லிவிட முடியாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். படத்தைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் வாதாடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஹோமரின் மனைவி மார்ஜ் விட்டுச் சென்ற ஒளிநாடா.

அந்தக் காட்சி எப்படி வந்து சேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள், நீங்கள் எழுதியதுதானே. என்றாலும் ஒரு ரசிகை அதை எப்படிப் பின்தொடர்ந்தாள் என்று சொல்கிறேன். ஹோமர் வளர்க்கும் பன்றியின் கழிவு நிரம்பிய தொட்டியை முறையாக அகற்றச் சொல்கிறாள் மார்ஜ். கழிவை ஒப்படைக்க வரிசையில் நிற்கும் ஹோமர், இலவச டோனட் கிடைக்கிறது என்ற செய்தி கேட்டதும் அதை ஏரியில் கொட்டிவிட்டு ஓடுகிறான். ஊர் அழிகிறது. குடும்பம் வீட்டை இழக்கிறது. அலாஸ்காவுக்குப் போகலாம் என்று அவளை அழைக்கும்போது ஹோமர் சொல்கிறான்: எந்தத் திருமணத்திலும் ஒரே ஒரு முறைதான், 'இதை நீ என்னோடு சேர்ந்து செய்ய வேண்டும்' என்று கேட்கும் வாய்ப்பு கிடைக்கும். அவள் சம்மதிக்கிறாள். அந்த ஒரே வாய்ப்பை அவன் செலவழித்துவிட்டான். பிறகு, ஊரைக் காப்பாற்றத் திரும்பிப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது மறுக்கிறான். வெளியே போய்விட்டுத் திரும்பி வரும்போது வீடு காலியாக இருக்கிறது. நாடாவில் அவள் பேசுகிறாள். பிறர் உன் குறைகளைச் சொல்லும்போதெல்லாம் உனக்காக வாதாடியிருக்கிறேன். நீ செய்வதையெல்லாம் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன், ஏனென்றால்... அந்த 'ஏனென்றால்' என்பதற்குப் பின் அவளால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. முடிக்கத் தெரியவில்லை என்பதால்தான் பிரிந்து போகிறேன் என்கிறாள். தன் முடிவு மாறாது என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள, இதைத் திருமண நாடாவின் மீதே பதிவு செய்திருக்கிறேன் என்கிறாள். அவள் பேச்சு முடிந்த கணத்தில், அழியாமல் எஞ்சிய திருமணக் காட்சி திரையில் ஓடுகிறது. இளம் ஹோமரும் இளம் மார்ஜும் நடனமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ஜுக்குக் குரல் தரும் ஜூலி கேவ்னர் அந்த வரிகளைப் பேசும்போது எங்கள் அரங்கில் யாரும் அசையவில்லை. சற்று முன்வரை விழுந்து விழுந்து சிரித்த கூட்டம் அது. எனக்கு முன் வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எத்தனையோ எபிசோடுகளில் மார்ஜ் மன்னித்திருக்கிறாள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது தொடரின் ஒப்பந்தம். படத்தில் அந்த ஒப்பந்தத்தை முறித்தீர்கள். ஹோமர் செய்ததற்கு முதல் முறையாக அவனிடம் முழு விலையையும் கேட்டீர்கள். காசு கொடுத்து எதற்காக வந்தோம் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அகலத் திரையோ, ஹான்ஸ் ஸிம்மரின் இசையோ, ஏழரைக் கோடி டாலர் செலவோ அல்ல.

இதே படத்தில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளாதவற்றையும் பாருங்கள். குமிழை இறக்கிய அதிகாரி கார்கில், ஆல்பர்ட் புரூக்ஸின் அருமையான குரல் இருந்தும், மனத்தில் தங்கவில்லை. 1996-இல் அதே நடிகர் குரல் கொடுத்த ஹேங்க் ஸ்கார்ப்பியோ ஒரே எபிசோடில் வந்து இன்றும் வாழ்கிறார். ஸ்கார்ப்பியோ ஹோமரிடம் உண்மையாகவே அன்பாக இருந்தார். அவர் உலகையே மிரட்டிக்கொண்டிருக்கும்போதும், ஹோமரின் குடும்பம் அந்த ஊரில் மகிழ்ச்சியாக இல்லை என்பதுதான் எபிசோடின் உண்மையான கவலையாக இருந்தது. கார்கிலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை. வெடிகுண்டும் இருசக்கர வண்டிச் சாகசமும் நன்றாக வரையப்பட்டிருந்தன. ஆனால் என் மனத்தில் நின்றது, கடைசியில் அப்பாவும் மகனும் கூரையில் உட்கார்ந்து வீட்டைச் சரிசெய்யும் காட்சி. தந்தை கைவிட்ட நேரத்தில் பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ் கொடுத்த ஒரு கோப்பை சூடான பானத்துக்காக ஏங்கிய பையன் அவன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாவது படத்தில் ஊருக்கு எவ்வளவு பெரிய ஆபத்தை வேண்டுமானாலும் வரவழையுங்கள். ஆனால் அதற்குள் இருவருக்கு இடையில் உண்மையான ஒரு காயத்தை வையுங்கள். ஒருவர் செய்ததற்கு அவரே விலை கொடுக்கட்டும். எங்கள் நினைவுகளுக்கு விருந்து வைக்கிறோம் என்று அதை நீர்த்துப்போகச் செய்துவிடாதீர்கள்.

அந்தக் காயம் யாருக்கு இடையில் என்று நான் சொல்லக் கூடாது. அது உங்கள் வேலை. எனக்கு ஒரு ஆசை உண்டு, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் தேவாலயத்தில் தாத்தா ஏப் தரையில் விழுந்து புரண்டு, வரப்போகும் பேரழிவை முன்கூட்டியே கதறினார். ஹோமர் அவரைத் தரைவிரிப்பில் சுருட்டிக்கொண்டு வெளியேறினான். படம் முடிந்தபோது அவர் சொன்ன அத்தனையும் நடந்திருந்தது. மகன் வந்து, 'நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் அப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக அந்த முதியவர் முதியோர் இல்லத்து ஜன்னலோரம் காத்துக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு கார்ட்டூன் தொடரின் படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய 'பாப்ஸ் பர்கர்ஸ்' தொடரின் திரைப்படம் 2022-இல் வந்தது. உங்கள் படத்தைப் போலவே அதிலும் மண்ணில் ஒரு பெருங்குழி விழுகிறது. அதன் ரசிகர்களும் நீளமான எபிசோடு போல இருக்கிறது என்றார்கள். வியப்பு என்னவென்றால், பலர் அதை மகிழ்ச்சியோடு சொன்னார்கள். லூயிஸ் என்ற சிறுமி எப்போதும் முயல் காது வைத்த இளஞ்சிவப்புத் தொப்பி அணிந்திருப்பாள். தொடர் தொடங்கிய நாளிலிருந்து அது அவள் தலையில் இருக்கிறது. காரணத்தை யாரும் சொன்னதில்லை. படத்தில், தான் கோழையோ என்று அவள் கலங்கும்போது, அந்தத் தொப்பிக்கும் அவள் பார்த்தேயிராத பாட்டிக்கும் உள்ள தொடர்பை அப்பா சொல்கிறார். பதினோரு ஆண்டுகள் கண்ணெதிரே இருந்த ஒரு தொப்பிக்குப் பொருள் கிடைத்தது. பழைய நினைவைத் தொடுவது என்றால் இதைத்தான் நான் நினைக்கிறேன். அதை மறுபடி காட்டிக் கைதட்டல் வாங்குவது எளிது. அதற்குள் அதுவரை யாரும் பார்க்காத ஓர் அறையைத் திறப்பது கடினம்.

உங்களால் அந்தக் கடின உழைப்பைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று முதல் படமே. பதினோரு எழுத்தாளர்கள் உட்கார்ந்தீர்கள். நூறு முறைக்கு மேல் கதையைத் திருத்தினீர்கள். தொடரை உருவாக்கிய மேட் கிரெய்னிங்கின் சொந்த ஊரான போர்ட்லண்டில் அரைகுறைப் படத்தைப் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் திருப்தியாகத் தலையாட்டாததும் பலவற்றை மாற்றினீர்கள். பார்ட்டைப் பழிவாங்கத் துடிக்கும் சைட்ஷோ பாப்பின் காட்சிகளுக்குக் கெல்சி கிராமர் குரல் பதிவு செய்தும் அவற்றை வெட்டி எறிந்தீர்கள். சைட்ஷோ பாப் ஏன் இல்லை என்று கொதித்த ரசிகர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் நீங்கள் செய்ததுதான் சரி. அவருக்கு அந்தக் கதையில் வேலை இல்லை. இம்முறையும் அதே கண்டிப்போடு இருங்கள். பிரபலங்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் உருவத்திலேயே வந்து கையசைத்துவிட்டுப் போகும் வழக்கத்துக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும். டஸ்டின் ஹாஃப்மன் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாமல்தான் பெர்க்ஸ்ட்ரோமுக்குக் குரல் கொடுத்தார்.

அடுத்ததைக் கேட்கச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டும். முதல் படத்தில் ரயிலில் போகும்போது பார்ட் கறுப்பு உள்ளாடையைத் தலையில் மாட்டி எலிக்காது போல வைத்துக்கொண்டு, தீய நிறுவனம் ஒன்றின் சின்னம் நான்தான் என்று கூவினான். அந்தக் காதுகள் யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும். 2019 மார்ச்சில் அதே டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸ் ஸ்டுடியோவை வாங்கி, உங்களுக்கும் உரிமையாளர் ஆகிவிட்டது. பழைய உரிமையாளரை நீங்கள் விட்டுவைத்ததே இல்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் ஃபாக்ஸ் அலைவரிசையின் விளம்பரத்தை ஓடவிட்டுக் கேலி செய்தீர்கள். சோறு போடுகிற கையையே கடிப்பவர்கள் என்ற நம்பிக்கைதான் எங்களை உங்களோடு கட்டிவைத்தது. தொடரின் வலிமையே, பெரியவர்கள் யாராக இருந்தாலும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற சுதந்திரம்தான். பார்ட் அந்த எலிக்காதை இன்று மாட்டிக்கொள்ள முடியுமா? முடியும் என்று படத்திலேயே காட்டுங்கள். அறிக்கைகளில் வேண்டாம்.

ஸ்பிரிங்ஃபீல்டின் இந்தியக் கடைக்காரர் அபுவைப் பற்றியும் பேச வேண்டும். இந்திய மொழி ஒன்றில் உங்களுக்கு எழுதும்போது அவரைத் தாண்டிப் போக என்னால் முடியாது. 1990-இல் கடையின் கல்லாவுக்குப் பின்னால் வந்து நின்றார். கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று பிறகு சொன்னீர்கள். 1996-இல் அமெரிக்கக் குடியுரிமைக்காக அவர் பட்ட பாட்டை எழுதினீர்கள். அந்த எபிசோடை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவருடைய உச்சரிப்பைப் பள்ளியில் பிறர் தங்கள் மேல் வீசியதை அமெரிக்காவில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகள் சொன்னபோது, 2017-இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு அதை ஆவணப்படமாகவே எடுத்தபோது, மறு ஆண்டு லிசாவின் வாயால் நீங்கள் சொன்ன பதில் என்னை வருத்தியது. எல்லாவற்றுக்கும் முதலில் வருந்துகிற லிசா, இதற்கு மட்டும் தோளைக் குலுக்கினாள். அபுவுக்குக் குரல் தந்த ஹேங்க் அசேரியா 2020-இல் அந்தக் குரலிலிருந்து விலகிக்கொண்டார். பொறுப்போடு செய்தார், அவருக்கு என் நன்றி. அதற்குப் பிறகு அபு பின்னணியில் வாய் திறக்காமல் நிற்கிறார்.

ரசிகர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். எதையும் தொட்டிருக்கக் கூடாது என்கிறவர்களும் உண்டு, அந்தப் பாத்திரமே வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகள் அந்த ஊரில் உழைத்த ஒருவருக்கு மௌனம் முடிவாக இருக்கக் கூடாது. கறுப்பினப் பாத்திரங்களான கார்லுக்கும் டாக்டர் ஹிபர்ட்டுக்கும் கறுப்பினக் கலைஞர்களின் குரல் கிடைத்தது. ஊர் அவர்களை இயல்பாக ஏற்றுக்கொண்டது. அபுவுக்கும் தெற்காசியக் குரல் ஒன்றைக் கொடுங்கள். இந்தப் படத்திலேயே அவர் பேசட்டும். மனைவியோடு சண்டை போடட்டும், எட்டுக் குழந்தைகளை அதட்டட்டும், ஹோமரிடம் நியாயமான கோபத்தைக் காட்டட்டும்.

குரல்கள் என்றதும் இன்னொன்று. கேவ்னர் 1950-இல் பிறந்தவர். மார்ஜின் குரல் கரகரப்பாகிவிட்டது என்று ரசிகர்கள் சொல்லும்போது அதில் சில நேரம் பொறுமையின்மை தெரிகிறது. அதற்காக ரசிகர்கள் சார்பில் நான் வருந்துகிறேன். 1987-இல் சில நிமிடத் துணுக்குகளாகத் தொடங்கிய காலத்திலிருந்து அவரும் டேன் காஸ்டலனெட்டாவும் நான்சி கார்ட்ரைட்டும் யார்ட்லி ஸ்மித்தும் இந்தக் குடும்பத்தைத் தொண்டையில் சுமந்து வந்திருக்கிறார்கள். வரைந்த முகங்களுக்கு வயதாகாது. பேசுகிறவர்களுக்கு வயதாகிறது. தயவுசெய்து கருவிகளால் அந்தக் குரலை இளமையாக்க முயலாதீர்கள். களைத்த குரலில் மார்ஜ் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்தினால், அதை நாங்கள் எப்படிக் கேட்போம் என்று உங்களுக்கே தெரியும். பார்ட்டின் ஆசிரியை திருமதி கிராபாப்பலுக்குக் குரல் தந்த மார்சியா வாலஸ் 2013-இல் மறைந்தபோது, வேறொருவரை வைத்து அந்த இடத்தை நிரப்பாமல் அவருடைய நாற்காலியைக் காலியாகவே விட்டீர்கள். பார்ட் கரும்பலகையில் ஒரே ஒரு முறை, உங்களை நாங்கள் மிகவும் இழந்து தவிப்போம் என்று எழுதியிருந்தான். தண்டனை வரிகள் எழுதியே பழகிய கை அது.

இசைக்கும் ஒரு வேண்டுகோள். ஆல்ஃப் கிளாசன் 1990-லிருந்து இருபத்தேழு ஆண்டுகள் தொடருக்கு இசையமைத்தார். முதல் படத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2025-இல் அவர் மறைந்தார். இரண்டாவது படத்தில் எங்காவது ஓரிடத்தில் அவர் எழுதிய மெட்டு ஒன்று ஒலிக்க வேண்டும். ஹோமர் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவுக்கு இசை தந்தவர் அவர்.

முன்னோட்டத்தைப் பற்றி இரண்டே வரி. சிரிப்புகளை அதில் காட்டுங்கள், கவலை இல்லை. ஒளிநாடாவைப் போன்ற ஒன்று படத்தில் இருந்தால் அதை மட்டும் எங்களுக்காக இருட்டிலேயே வைத்திருங்கள்.

முதல் படத்தின் முடிவில் எழுத்துகள் ஓடும்போது சிம்ப்சன் குடும்பமும் எங்களோடு அரங்கில் உட்கார்ந்திருந்தது. மேகி வாயிலிருந்த சூப்பானை எடுத்துவிட்டு ஒரு சொல் சொன்னாள். அடுத்த பாகமா என்பதுதான் அந்தச் சொல். அது அவளுடைய முதல் சொல் அல்ல என்று ரசிகர்கள் அப்போதே திருத்தினார்கள், 1992-இல் எலிசபெத் டெய்லரின் குரலில் அவள் 'அப்பா' என்று சொல்லியிருக்கிறாள். அந்த எபிசோடில் பிள்ளைகள் யாரும் தன்னை அப்பா என்று அழைப்பதில்லை என்று ஹோமர் ஏங்குவான். மேகி பேசாமலே இருந்தால் நல்லது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவான். இருட்டில் தனியாக அவள் சொன்ன அந்தச் சொல்லை அவன் இன்று வரை கேட்டதில்லை.

2027-இல் கடைசி எழுத்து ஓடி முடிந்து விளக்கு எரியும் வரை நான் இருக்கையை விட்டு எழ மாட்டேன்.

அன்புடன்,
முதல் படத்தையும் கடைசி எழுத்து வரை உட்கார்ந்து பார்த்த ஒரு ரசிகை